மழையைப் பற்றி ஓர் ஆர்ட் ஜர்னல்: கட்டமைப்பு குறித்து ஆலோசனை தேவை

மைத்துளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வாட்டர்கலர், அக்ரிலிக், மை, வெட்டி ஒட்டிய காகிதங்கள், தையல் நூல் என்று பலவற்றையும் ஒரே பக்கத்தில் கலந்து செய்யும் கலப்பு ஊடக முறையில், சென்ற ஆண்டு முதன்முறையாக ஓர் ஆர்ட் ஜர்னலை, அதாவது ஓவியக் குறிப்பேட்டை, என் கையாலேயே தைத்து உருவாக்கினேன். ஏறத்தாழ ஏழு மாதங்கள் அதற்காகச் செலவிட்டேன். பக்கங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் அவற்றுள் சில எனக்கு இன்றும் பிடித்தே இருக்கின்றன. ஆனால் புத்தகமாகப் பார்க்கும்போது மூன்று குறைகள் என்னை வருத்துகின்றன. இரண்டாவது ஜர்னலைத் தொடங்குவதற்கு முன் அவற்றுக்கான காரணங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் குறை, புத்தகம் மூடவில்லை என்பது. முதுகுப் பக்கம் மெலிதாகவும் திறக்கும் பக்கம் மூன்று மடங்கு தடித்தும் போய், மேசையில் வைத்தால் விசிறியைப் போல விரிந்து நிற்கிறது. அட்டையைக் கட்டி வைக்க நாடா சேர்த்தேன். நாடாவின் இழுப்பில் மேலட்டை வளைந்துவிட்டது. இரண்டாவது குறை, அக்ரிலிக் பூசிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. வாரக்கணக்கில் உலரவிட்ட பக்கங்களே பின்னர் புத்தகம் கனத்தின் அடியில் கிடந்தபோது ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது எதிர்ப்பக்கத்தின் ஓவியத்தில் ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத்தான் நான் மிகவும் நேசித்திருந்தேன்.

மூன்றாவது குறையைச் சொல்வது சற்றுக் கடினம். கடல் என்பதுதான் அந்த ஜர்னலின் கருப்பொருள். சிப்பிகள், படகுகள், மீன்கள், கலங்கரை விளக்கம் என்று கிடைத்த படங்களையெல்லாம் சேர்த்து ஒட்டினேன். முடித்த பிறகு பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் வேறொருவருடைய புத்தகத்திலிருந்து கிழித்து எடுத்தது போல் இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் கடல் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் கடல் இல்லை.

இப்போது மழையைக் கருப்பொருளாக எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். 48 பக்கங்கள், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அளவு. இந்தக் கருப்பொருளுக்கு ஒரு காரணமும் இருக்கிறது: பல ஆண்டுகளுக்கு முன் என் அம்மா எனக்கு எழுதிய ஒரு கடிதம் வந்து சேர்ந்தபோதே மழையில் நனைந்து, பாதி வரிகள் நீலக் கறைகளாகக் கரைந்திருந்தது. அந்தக் கடிதத்துக்கு இந்தப் புத்தகத்தில் ஓர் இடம் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எதை முதலில் தீர்மானிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நூல்முடிச்சு எழுதியது:

அன்புள்ள மைத்துளி, உங்கள் முதல் குறைக்கு மட்டும் நான் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பைண்டிங்தான் எனக்குத் தெரிந்த வேலை. ஆர்ட் ஜர்னல் செய்பவர்களுள் பெரும்பாலோர் வெற்றுத் தாள்களின் தடிமனுக்கு ஏற்ப முதுகை அமைத்துவிட்டு, பிறகு அந்தத் தாள்கள் மீது இன்னொரு புத்தகத்தின் அளவுக்குப் பொருள்களை ஒட்டுகிறார்கள். விசிறியாக விரிவது அதனால்தான். முடிந்த புத்தகத்தின் தடிமனைத் தொடங்கும் நாளிலேயே கணக்கிட வேண்டும்.

உங்கள் 48 பக்கங்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாளின் இரு முகங்களும் இரண்டு பக்கங்கள் என்பதால் அவை 24 தாள்கள். 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனமுள்ள தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் என்று வைத்தால், வெறும் தாள்களின் மொத்தத் தடிமன் 6 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கத்திலும் சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு நிறமும் காகிதமும் துணியும் சேர்ந்தால் 48 பக்கங்களுக்கு 24 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆக, முதுகில் 6 மில்லிமீட்டர், திறக்கும் பக்கத்தில் 30 மில்லிமீட்டர். உங்கள் முதல் ஜர்னலில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே முதுகை முன்கூட்டியே 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மடித்தால் இரண்டு தாள்களாகும் பெரிய தாள்கள் மூன்றை இரண்டாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 12 பக்கங்கள் கொண்ட ஒரு மடிப்புக்கட்டு கிடைக்கும். உங்களுக்கு அப்படி நான்கு கட்டுகள் தேவை. நான்கையும் நெருக்கித் தைக்காமல், அந்த முதுகில் ஏழரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக இடம் விட்டுத் தனித்தனியாகத் தைத்தால், தொடக்கத்தில் புத்தகம் தளர்ந்தும் வெறுமையாகவும் தோன்றினாலும், பக்கங்கள் நிறைய நிறைய அந்த வெற்றிடம் தானாக நிரம்பிவிடும். முதுகுக்குத் தடித்த துணியோ, துணி ஒட்டிய கனமான காகிதமோ போதும். விறைப்பான அட்டை தேவையில்லை. காப்டிக் தையல் பக்கங்களை முழுவதும் படுக்க வைக்கும் என்பதற்காகப் பலரும் அதைப் பரிந்துரைப்பார்கள். எகிப்தின் தொடக்கக்காலக் கிறிஸ்தவர்கள் கையாண்ட அந்த முறையை நானும் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதில் கட்டுகள் ஒன்றையொன்று தொட்டபடியே பிணைக்கப்படுவதால், பிற்பாடு பெருக்கவிருக்கும் புத்தகத்துக்கு அது ஏற்றதன்று.

ஒவ்வொரு கட்டையும் தைக்க மூன்று துளைகளே போதும். மடிப்பின் உட்புறமிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே நுழைத்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளை வழியாக வெளியே கொண்டுவந்து, மீண்டும் நடுத்துளையில் உள்ளே இழுத்தால், நூலின் இரு முனைகளும் உள்ளே நீண்டு ஓடும் நூலுக்கு இருபுறமும் நிற்கும்; அந்த நூலை நடுவில் வைத்து முடிச்சிட வேண்டும். தேன்மெழுகு தடவிய லினன் நூல் வழுக்காது. நூலை இழுக்கும்போது மடிப்பின் நீளவாக்கிலேயே இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும்.

இதற்கெல்லாம் முன்பு பார்க்க வேண்டியது காகிதத்தின் இழையோட்டம். இயந்திரத்தில் செய்யும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். மடிப்பு அந்தத் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். தாளை இரு திசைகளிலும் மடக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் கை எளிதாக வளைக்கிறதோ, அந்த வளைவின் கோடுதான் இழையோட்டம். ஐயம் இருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டி ஒரு முகத்தில் மட்டும் நீர் தடவுங்கள். அது குழலாகச் சுருளும், குழலின் நீளம் இழையோட்டத்தைக் காட்டும். நீர் பட்ட காகிதம் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் விரிகிறது. இழையோட்டம் முதுகுக்குக் குறுக்கே அமைந்துவிட்டால், நிறம் பூசும் ஒவ்வொரு முறையும் பக்கம் முதுகின் அருகே அலை அலையாக எழும்பும், எத்தனை கனமான பொருளை மேலே வைத்து அழுத்தினாலும் அது முழுமையாகச் சரியாகாது. மழையைப் பற்றிய புத்தகம் என்றால் நிறைய நீர் பயன்படுத்துவீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆகையால் இதில் அலட்சியம் வேண்டாம்.

அட்டைக்கு ஒரு சொல்: 2 மில்லிமீட்டர் சாம்பல் அட்டையின் வெளிமுகத்தில் காகிதம் ஒட்டினால், உலரும்போது அது அட்டையைத் தன் பக்கம் இழுத்து வளைக்கும். உள்முகத்திலும் அதே கனத்தில் ஒரு காகிதத்தை அதே இழையோட்டத்தில் ஒட்டினால் இரு இழுப்புகளும் சமனாகும்.

வெண்தாள் எழுதியது:

பக்கங்கள் ஒட்டிக்கொள்வதைப் பற்றி நான் சொல்கிறேன். இந்த வருத்தம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. பெயர்ந்து வந்த துண்டைத் திரும்ப ஒட்ட முயன்று இன்னும் பாழாக்கியும் இருக்கிறேன்.

அக்ரிலிக் நிறம் உலர்ந்த பிறகும் அது ஒரு பிளாஸ்டிக் படலமே. வெப்பத்தில் இளகும் இயல்பு அதற்கு உண்டு. சாதாரண அறைவெப்பத்திலேயே அது முழுவதும் இறுகிப் போவதில்லை. மேற்பரப்பு சில நிமிடங்களில் தொடுவதற்கு உலர்ந்துவிட்டாலும், உள்ளே இருக்கும் நீரும் பிற சேர்மானங்களும் வெளியேறப் பல நாட்கள், தடித்த பூச்சாக இருந்தால் பல வாரங்கள்கூட ஆகலாம். அத்தகைய இரு படலங்கள் முகத்தோடு முகம் சேர்ந்து, மேலே கனமும் சுற்றிலும் வெப்பமும் ஈரப்பதமும் இருந்தால் அவை ஒன்றாகிவிடும். எனவே தவறு நீங்கள் உலரவிட்ட கால அளவில் இல்லை. இரு பளபளப்பான முகங்களை எதிரெதிரே வைத்ததுதான் தவறு.

மீடியம் என்ற நிறமற்ற அக்ரிலிக் பூச்சில், பளபளப்பான மீடியத்தைவிட மேட் (மினுக்கமற்ற) மீடியம் குறைவாக ஒட்டும், ஏனெனில் அதில் பளபளப்பைக் குறைப்பதற்காகச் சேர்க்கும் நுண்ணிய சிலிக்கா போன்ற துகள்கள் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகின்றன. எனவே ஜர்னலுக்குள் மேட் வகையை மட்டுமே பயன்படுத்துங்கள் என்பது என் உறுதியான கருத்து. மழைத்துளி மினுங்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், முழுப் பக்கத்துக்கும் பளபளப்புப் பூசாமல் துளிகளின் மேல் மட்டும் வையுங்கள், அவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் அக்ரிலிக் படாத வெறும் காகிதம் இருக்கும்படி திட்டமிடுங்கள். எல்லா வேலையும் முடிந்த பக்கத்தின் மேல் நிறமற்ற, குழைவான மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, சிறிது நேரம் கழித்து மென்மையான துணியால் தேய்த்துவிடுவது மிகவும் உதவும். மெழுகுக்கு மேல் வேறெதுவும் ஒட்டாது, ஆகையால் அது கடைசி வேலையாகவே இருக்கட்டும். வேலை நடக்கும் மாதங்களில் பக்கங்களுக்கு இடையில் கேக் சுடும்போது விரிக்கும், சிலிக்கோன் பூசிய பேக்கிங் பேப்பரைச் செருகி வையுங்கள். மெழுகுத்தாள் வேண்டாம், வெப்பத்தில் அதன் மெழுகு பக்கத்துக்கு மாறிவிடக்கூடும்.

உண்மையில், உங்கள் கருப்பொருளுக்கு அக்ரிலிக் அதிகம் தேவையா என்றே கேட்கத் தோன்றுகிறது. மழைக்கு வாட்டர்கலரும் மையும் இயல்பாகவே பொருந்தும். அவை காகிதத்துக்குள் ஊறிப்போவதால் ஒட்டவும் ஒட்டாது, தடிமனும் கூடாது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை எல்லாப் பக்கங்களிலும் பூசும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது காகிதத்தின் உறிஞ்சும் தன்மையை மாற்றிவிடுகிறது. வாட்டர்கலர் அதன் மேல் வழுக்கி நிற்குமே தவிர ஊறாது. ஒட்டிய காகிதங்களை மங்கலாக்கிப் பின்னுக்குத் தள்ள வேண்டிய இடத்தில் மட்டும், மூடுபனியைப் போல, உலர்ந்த தூரிகையால் மெல்லியதாக இழுத்தால் அதன் பயன் நன்றாகத் தெரியும்.

ஆயில் பேஸ்டலையும் தவிருங்கள். அது ஒருபோதும் முழுமையாக உலர்வதில்லை, எதிர்ப்பக்கத்தில் படிந்துகொண்டே இருக்கும். மழைக்கோடுகளுக்கு வெள்ளை மெழுகுவர்த்தியின் விளிம்பு போதும். வெற்றுத் தாளில் அதைச் சாய்வாக அழுத்தி இழுத்துவிட்டு மேலே நிறம் பூசினால், மெழுகு பட்ட இடம் நிறத்தை ஏற்காமல் வெண்மையாக வெளிப்படும்.

ஒட்டுவது குறித்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெல்லிய காகிதத்தில் பசை தடவியவுடன் ஒட்டாதீர்கள். அது பசையின் நீரை உறிஞ்சி விரிவதற்கு ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு, பிறகு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீவி ஒட்டினால் சுருக்கங்கள் வராது. அதன் பிறகு பேக்கிங் பேப்பரால் மூடி இரவு முழுவதும் கனத்தின் அடியில் வையுங்கள்.

சாம்பல்நிறம் எழுதியது:

மைத்துளி அவர்களே, "எல்லாப் பக்கத்திலும் கடல் இருக்கிறது, ஆனால் புத்தகத்தில் கடல் இல்லை" என்ற உங்கள் வரியை இரண்டு முறை படித்தேன். முன்னவர்கள் இருவரும் சொன்னவை மிகவும் பயனுள்ளவை. எனினும் உங்கள் மூன்று குறைகளுள் இதுதான் மூலக்குறை என்று நான் எண்ணுகிறேன். கடலைப் பற்றிய படங்களை நீங்கள் சேகரித்தீர்கள். சிப்பியின் படம் கடலை நினைவூட்டும், அவ்வளவுதான். காகிதமும் நிறமும் நூலும் கடலைப் போல நடந்துகொண்டால்தான் புத்தகம் கடலாகும். கருப்பொருள் என்பது எதை ஒட்டுவது என்பதில் தொடங்குவதில்லை. எவற்றையெல்லாம் பயன்படுத்தமாட்டேன் என்று வரையறுப்பதில் தொடங்குகிறது.

மேரி டிலானி என்ற பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டில், தம் 72-ஆம் வயதில், நிறக் காகிதங்களை நுணுக்கமாக வெட்டி ஒட்டி மலர்களின் உருவங்களைச் செய்யத் தொடங்கினார். கண்பார்வை மங்கும் வரை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அதைத் தொடர்ந்து, 985 படைப்புகளை உருவாக்கினார். அவை இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரு மலருக்கே நூற்றுக்கணக்கான துண்டுகள் தேவைப்பட்ட வேலை அது. அத்தனை வகைச் செடிகள், அத்தனை நிறங்கள், எனினும் அனைத்தும் ஒரே கரத்தின் ஒரே புத்தகம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னணி கறுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செடி, பொருள் காகிதம். அந்த வரையறை அவருக்குக் குறுக்கே நிற்கவில்லை, அவரைத் தாங்கி நின்றது.

உங்கள் மழைக்கு நான் இரண்டே நிறங்களைப் பரிந்துரைக்கிறேன்: அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும். இவ்விரண்டையும் கலந்தால் வெவ்வேறு சாம்பல் நிறங்கள் பிறக்கும். நீலம் மிகுந்தால் மேகக் கருக்கல், பழுப்பு மிகுந்தால் சேற்று நீர், இரண்டும் சமமானால் மாலை இருட்டு. வாட்டர்கலரில் அல்ட்ராமரைனின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் திட்டுத் திட்டாகப் படியும், அந்தச் சொரசொரப்பே ஈரத்தின் தோற்றத்தைத் தரும். மூன்றாவதாக ஒரு நிறத்தை, எடுத்துக்காட்டாகச் சிவப்பை, புத்தகம் முழுவதிலும் மூன்று இடங்களில் மட்டும் வையுங்கள். ஒரு குடையாகவோ, ஒரு நூலாகவோ இருக்கலாம். எங்கே வருகிறது என்பதைத் தொடங்கும்போதே குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது இடத்திலும் வைக்கக் கை துறுதுறுக்கும்.

அடுத்து, நூல்முடிச்சு அவர்கள் சொன்ன நான்கு மடிப்புக்கட்டுகள் என் மனத்தில் வேறொரு எண்ணத்தை எழுப்பின. தமிழில் மழைக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! தூறல், சாரல், அடைமழை, தூவானம் என்று நான்கு கட்டுகளுக்கும் நான்கு சொற்களை வையுங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செய்முறை அமையட்டும். தூறலில் வெற்றுத்தாள் மிகுதியாக இருக்கட்டும், ஆங்காங்கே ஊசியால் குத்திய புள்ளிகளும் ஓரிரு மைத்துளிகளும் போதும். சாரல் காற்றோடு சாய்ந்து வருவது. ஆகவே அந்தக் கட்டில் எல்லாமே சாய்ந்திருக்கட்டும்: மெழுகுக் கோடு, கிழித்து ஒட்டிய காகிதத்தின் விளிம்பு, நூல் தையல் எல்லாமே ஒரே கோணத்தில் சாய வேண்டும். அடைமழைக் கட்டில்தான் நீங்கள் கனமாக ஒட்டலாம், அடுக்கு மேல் அடுக்காக, எழுத்தே படிக்க முடியாத அளவுக்கு. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று சொல்வோம் அல்லவா, அந்தக் கடைசிக் கட்டில் டிரேசிங் பேப்பரை இடையிட்டு, அடியில் உள்ள பக்கம் மங்கித் தெரியும்படி செய்தால், முடிந்தும் முடியாத அந்த நிலை வந்துவிடும்.

கனத்தை இவ்வாறு ஒரே கட்டில் குவித்துவிட்டு மற்ற மூன்றையும் மெலிதாக வைத்தால், வெண்தாள் அவர்கள் அஞ்சும் ஒட்டலும் குறையும்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யும்படி வேண்டிக்கொள்கிறேன்: உண்மையான மழையைப் புத்தகத்துக்குள் கொண்டுவாருங்கள். நீரில் கரையும் மையைத் தாளில் சீராகப் பூசி உலரவிட்டு, மழை பெய்யும்போது அதைச் சில நொடிகள் மட்டும் வெளியே நீட்டிவிட்டு உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். துளி விழுந்த இடமெல்லாம் மை கரைந்து வெளிறிய வட்டங்கள் உருவாகும். தூறலுக்கு ஒருவிதமாகவும் பெருமழைக்கு வேறுவிதமாகவும் வரும். அந்தத் தாளின் பின்புறம் நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். நீங்கள் வரையக்கூடிய எந்த மழையும் இதற்கு இணையாகாது.

மைத்துளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சாம்பல்நிறம் அவர்கள் சொன்ன மைத்தாள் முறையை நேற்று மாலையே முயன்றேன். முதல் தாளை அதிக நேரம் நீட்டிவிட்டதால் மை முழுவதும் ஓடிவிட்டது. இரண்டாவது தாளை மூன்று நொடிகளில் எடுத்தேன். அதில் விழுந்த வட்டங்கள் அம்மாவின் கடிதத்தில் உள்ள கறைகளைப் போலவே இருப்பதைக் கண்டு சிறிது நேரம் எதுவும் செய்யாமல் அமர்ந்திருந்தேன். நிறங்களையும் இரண்டாகக் குறைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கடிதத்தை அடைமழைக் கட்டில் ஒட்ட நினைத்தேன். ஒட்டினால் அது நீண்ட நாட்கள் நிலைக்குமா? மேலும், அந்த ஆண்டின் செய்தித்தாள் நறுக்குகளும் ஒரு பயணச்சீட்டும் வைத்திருக்கிறேன். அவற்றை அப்படியே பயன்படுத்தலாமா?

பழந்தாள் எழுதியது:

கடிதத்தை ஒட்டாதீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பசையாக இருந்தாலும் வேண்டாம். பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசை உலர்ந்தபின் நீரில் எளிதில் கரையாது, எனவே ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க இயலாது. மாவுப் பசை ஈரத்தில் இளகும் என்றாலும், ஏற்கெனவே நீரில் கரைந்த மையால் எழுதிய கடிதத்தின் மேல் மீண்டும் ஈரம் படுவது எஞ்சியிருக்கும் வரிகளையும் எடுத்துவிடும். மூலக்கடிதம் ஒரு உறைக்குள் தனியே இருக்கட்டும். பக்கங்களில் அதன் படியைப் பயன்படுத்துங்கள்.

படி எடுக்கும்போது லேசர் அச்சாக எடுங்கள். லேசர் அச்சின் டோனர் வெப்பத்தால் காகிதத்தில் உருகிப் பதிந்த பிளாஸ்டிக் துகள் என்பதால், மேலே பசையோ மீடியமோ தடவினாலும் கலையாது. பல இங்க்ஜெட் அச்சுகளின் மை நீர் பட்டவுடன் பரவிவிடும். கடிதத்தின் வரிகள் பக்கத்தின் நிறத்துக்குள்ளேயே தெரிய வேண்டுமென்றால் ஜெல் மீடியத்தால் உருமாற்றம் செய்யலாம்: பக்கத்தில் மீடியத்தைப் பூசி, லேசர் படியை முகம் கீழாக அழுத்தி, முழுவதும் உலர்ந்த பிறகு, பின்புறக் காகிதத்தை நனைத்து விரல் நுனியால் மெல்லத் தேய்த்தெடுத்தால் எழுத்துகள் மட்டும் பக்கத்தில் தங்கும். எழுத்து இடம்வலம் மாறி விழும் என்பதால் படியை முன்பே கண்ணாடிப் பிம்பமாக அச்சிட வேண்டும். தேய்க்கும்போது சில இடங்களில் எழுத்தும் பெயர்ந்து போகும். வேறு எந்தப் புத்தகத்திலும் அது குறை. உங்கள் புத்தகத்தில் அது கடிதத்துக்கு நேர்ந்ததையே மீண்டும் சொல்லும்.

செய்தித்தாள் மரத்தை அரைத்துச் செய்த கூழிலிருந்து வருவது; அதில் மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருப்பதால் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகிப் பின்னர் நொறுங்கும். 1912-இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் ஒட்டுப்படங்களைத் தொடங்கியபோது பயன்படுத்திய செய்தித்தாள் துண்டுகள் இன்று பழுப்பேறிவிட்டன. அமிலமற்ற காகிதத்தில் நறுக்குகளின் படியை எடுத்து ஒட்டுங்கள். பழமையான நிறம் வேண்டுமென்று தேயிலைச் சாற்றில் தோய்க்கும் வழக்கம் இருக்கிறது. அது அழகாக இருப்பதை மறுக்கவில்லை, ஆனால் தேயிலைச் சாறு அமிலத்தன்மை உடையது. உங்கள் பர்ன்ட் சியன்னாவை நீர்த்துப் பூசினால் ஏறத்தாழ அதே நிறம் கிடைக்கும்.

பயணச்சீட்டு வழுவழுப்பான வெப்ப அச்சுத்தாளாக இருந்தால் அதையும் உடனே படி எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதன் எழுத்து நாளடைவில் தானாகவே மறையும்; பசை பட்டால் விரைவாகவே மறையலாம்.

வாட்டர்கலரில் உப்புத் தூவிப் புள்ளிகள் வரவழைக்கும் முறையை யாரேனும் உங்களுக்குச் சொல்லக்கூடும். உப்பை உதறினாலும் சிறிதளவு காகிதத்தில் தங்கும், அது காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். பூச்சின் ஈர மினுக்கம் மங்கத் தொடங்கும் தறுவாயில் தூய நீர்த்துளிகளைத் தெளித்தாலே பூப்பூவாக விரியும் தடங்கள் கிடைக்கும்.

வெண்தாள் எழுதியது:

பழந்தாள் அவர்களோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒரு சிறு சேர்க்கை: மீடிய உருமாற்றமும் ஓர் அக்ரிலிக் படலமே, எனவே அதற்கு எதிர்ப்பக்கம் வெறும் காகிதமாக இருக்கட்டும்.

நூல்முடிச்சு அவர்களிடம் ஒரு கேள்வி: தைத்த பிறகு வரைவதா, வரைந்த பிறகு தைப்பதா? தைத்த புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் செல்வதைத்தான் நான் விரும்புகிறேன். முந்தைய பக்கம் அடுத்த பக்கத்தைத் தூண்டுகிறது.

நூல்முடிச்சு எழுதியது:

அந்த இன்பத்தை நான் அறிவேன். ஆயினும் இந்தப் புத்தகத்துக்கு மாறான வழியையே சொல்வேன். இவ்வளவு நீர் பயன்படுத்தும்போது, தாள் தனியாக இருந்தால் இருபுறமும் காற்றுப் பட்டு உலரும், தட்டையாகவும் அழுத்தலாம்; தைத்த பிறகு முதுகின் மடிப்பில் ஈரம் தேங்கும். தாள்களை முதலில் மடித்து, துளையிட்டு, எந்தத் தாள் எந்தக் கட்டில் எந்த இடத்தில் வருகிறது என்று மடிப்பின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தற்காலிகமாக ஒரு நூலைக் கோத்துக் கட்டிவைத்துப் பக்க வரிசையைப் பார்க்கலாம், அவிழ்த்து வரையலாம். மூன்று துளைத் தையல் ஆகையால் ஒரு கட்டை அவிழ்த்துத் தைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஈர வேலைகள் அனைத்தும் முடிந்தபின் இறுதித் தையலைப் போட்டு, ஒட்டுவேலையின் கடைசி அடுக்கையும் மெழுகையும் தைத்த புத்தகத்தில் செய்யுங்கள். வெண்தாள் அவர்கள் விரும்பும் பக்கத்தொடர்ச்சி அந்தக் கட்டத்தில் கிடைக்கும்.

ஒரே கட்டில் கனத்தைக் குவிக்கச் சொல்லியிருப்பதால் நான் முன்பு கொடுத்த அளவையும் மாற்ற வேண்டும். முதுகின் 30 மில்லிமீட்டரைச் சமமாகப் பங்கிடாமல், தூறலுக்கு 4, சாரலுக்கு 6, அடைமழைக்கு 13, தூவானத்துக்கு 7 என்று பிரித்து, ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒரு கட்டைத் தையுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதுகில் தெரியும் நான்கு நூல்கோடுகள் சமமற்ற இடைவெளியில் நிற்கும். புத்தகத்தைத் திறக்கும் முன்பே மழை எங்கே வலுக்கிறது என்று அவை சொல்லிவிடும்.

மூலக்கடிதத்துக்கான உறையைத் தூவானக் கட்டின் கடைசித் தாளில் அமைக்கலாம். அமிலமற்ற மெல்லிய காகிதத்தில், கடிதத்தின் மடித்த அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, மூன்று விளிம்புகளை மட்டும் ஒட்டுங்கள். உறையின் வாய் மேல்புறமோ வெளிப்புறமோ இல்லாமல் முதுகை நோக்கி இருக்கட்டும். அப்போது புத்தகத்தை எப்படிப் பிடித்தாலும் கடிதம் நழுவாது, அதை எடுப்பதற்குப் பக்கத்தை முழுவதும் விரிக்க வேண்டியிருக்கும். தூவானத்துக்கு நான் கொடுத்த 7 மில்லிமீட்டரில் கடிதத்தின் தடிமனும் அடங்கியிருக்கிறது.

மைத்துளி எழுதியது:

கடிதத்தை மடித்து அளந்தேன்: நான்கு மடிப்பில் ஒன்றரை மில்லிமீட்டர். முதுகுத் துணியில் 4, 6, 13, 7 என்று பென்சில் கோடுகள் போட்டுவிட்டேன். தாள்களின் இழையோட்டத்தையும் நீர் தடவிச் சோதித்தேன். வாங்கி வைத்திருந்தவற்றில் பாதி குறுக்கு இழையாக இருந்ததால் அவற்றை ஒட்டுவேலைக்கு ஒதுக்கிவிட்டேன். அடுத்த மழைக்காக ஆறு மைத்தாள்கள் உலர்ந்துகொண்டிருக்கின்றன.